நிலைக்குள் நுழையாத நாற்காலி

கடைசியாக அம்மாவும் மகளும் சேர்ந்து செய்த வேலை, வாசல் நிலையை அளந்தது. அளவு நாடாவின் முனையை மருதாயி இடது பக்க மரத்தில் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மறுபக்கம் ரேணுகா அளவைப் படித்தாள். மேலே ஒரு முறை, நடுவில் ஒரு முறை, கீழே ஒரு முறை. மூன்று இடத்தில் அளப்பது அவளுடைய தொழில் பழக்கம். கோயமுத்தூரில் பம்பு தயாரிக்கும் கம்பெனியில் தரப் பரிசோதனை செய்கிறவள்.

கீழே அளக்கக் குனிந்தபோது மருதாயிக்கு மூச்சு வாங்கியது.

"மேல இருக்கிறதுதானே கீழயும் இருக்கும்?" என்றாள்.

இல்லை. கீழே இரண்டு மில்லிமீட்டர் குறைந்தது. எழுபத்தொன்று புள்ளி இரண்டு சென்டிமீட்டர். குறைந்த அளவைத்தான் ரேணுகா துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். மருதாயி அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அது சனிக்கிழமை மதியம். ஞாயிறு விடிந்தபோது அவள் இல்லை.

மருதாயிக்கு அறுபத்தொரு வயது. கண்டிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, ஒன்பது வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்தவள். குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில் முப்பத்துநான்கு வருடம் கொழுந்து பறித்தாள். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்த பிறகும் ஜெகதளா பக்கத்தில் சின்னச் சின்னத் தோட்டக்காரர்களிடம் கூலிக்குப் போனாள். புருஷன் போய்ப் பன்னிரண்டு வருடம். காலனியில் படிக்கட்டுக்கு மேலே, இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தாள். கோயமுத்தூருக்கு வா என்று ரேணுகா கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துவிட்டாள். அந்த வெயிலில் மனுஷி இருப்பாளா என்பது ஒவ்வொரு முறையும் வந்த பதில்.

தை மாதம் இருதயம் பலவீனமாகிவிட்டது என்றார் டாக்டர். மட்டமாகப் படுக்கக் கூடாது, படுத்தால் மூச்சு முட்டும், சாய்ந்துதான் தூங்க வேண்டும் என்றார். நான்கு தலையணை அடுக்கிப் பார்த்தார்கள். அரை மணி நேரத்தில் சரிந்தன. அதற்குப் பிறகு மருதாயி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பிஸ்கட் டின்மேல் காலை வைத்துத் தூங்கினாள். அதைத் தூக்கம் என்று சொல்ல முடியாது. விடியும்போது கழுத்து ஒரு பக்கம் ஒடிந்து கிடக்கும். கணுக்கால் வீங்கியிருக்கும்.

சித்திரையில் ரேணுகா அவளைக் கடைக்குக் கூட்டிப்போனாள். சாய்ந்து படுக்கிற ரிக்ளைனர் வரிசையாகக் கிடந்தது. அளவு நாடாவும் நோட்டும் எடுத்துப் போயிருந்த ரேணுகா, அகலம், ஆழம், உயரம், முதுகு சாயும் கோணம் எல்லாவற்றையும் எழுதினாள். துணி உறை போட்டதை மருதாயி தொட்டுப் பார்த்துத் தள்ளிவிட்டாள். ஆனியில் நனைந்த துணி ஆவணியில்தான் காயும், அதன்மேல் எவள் படுப்பாள் என்றாள். மோட்டார் வைத்ததையும் வேண்டாம் என்றாள். காற்றடித்தால் கரண்டு போய்விடும், மல்லாந்து மாட்டிக்கொள்ள வேண்டும். மிச்சம் இருந்தது கைப்பிடியை இழுத்தால் சாய்கிற தோல் நாற்காலி. காப்பிக்கொட்டை நிறம். அதன் பக்கத்தில் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

எத்தனை முறை சொல்லியும் உட்காரவில்லை. விற்பனையாள் முன்னால் உட்கார அவளுக்கு உடம்பு வரவில்லை. தோட்டத்தில் வேலை நேரத்தில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பது முப்பத்துநான்கு வருடப் பாடம். ஒரு நாள் வேலையை ஏட்டில் பதிவதற்குப் பேர் போடுவது என்று பெயர். கூடை நிறையாமல் தேயிலைச் செடிக்குக் கீழே உட்கார்ந்திருப்பதை மேஸ்திரி கண்டுவிட்டால் அன்றைக்கு அரைப்பேரு, பாதிக் கூலிதான். ரேணுகாவை வயிற்றில் ஏழு மாதமாகச் சுமந்தபோது ஒரு நாள் அப்படி உட்கார்ந்தாள். அரைப்பேரு போட்டார்கள். அதை அவள் சொல்லாத வருடமில்லை.

அப்போது கிருத்திக் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த அந்த விற்பனையாள், அவளுடைய கசங்கிய கம்பளிச் சால்வையையும் வெடித்த குதிகாலையும் பார்த்துவிட்டு, ரேணுகாவிடம் திரும்பிச் சொன்னான்.

"மேடம், அது ஒரிஜினல் லெதருங்க. அம்மாவ அதுல உட்கார வேண்டாம்னு சொல்லுங்க. ரெக்ஸின் மாடல் அந்தப் பக்கம் இருக்குது."

ரேணுகா வாயைத் திறப்பதற்குள் மருதாயி உட்கார்ந்துவிட்டாள். கைப்பிடியை இழுத்தாள். கால்கள் மேலே வந்தன. செருப்பையும் கழற்றவில்லை.

"இப்ப எனக்கு அரைப்பேரு போடுவியா, தம்பி?"

அவனுக்குப் புரியவில்லை. மருதாயி கண்ணை மூடிக்கொண்டாள். இருபது நிமிடம் எழுந்திருக்கவில்லை. அவனே தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும்படி ஆயிற்று. அதை வாங்கிக் குடித்துவிட்டு, மழைக்காலத்தில் இதில் பூசணம் பூக்குமா என்று படுத்தபடியே கேட்டாள். வாரம் ஒரு முறை துடைக்க வேண்டும் என்றான். எந்தத் துணியால், எந்த எண்ணெய் தொட்டு என்று விடாமல் விசாரித்தாள். இதுதான் என்று முடிவாயிற்று.

நாற்காலியின் அகலம் எண்பத்தாறு சென்டிமீட்டர். வீட்டு வாசல் சின்னது. ஆனால் முதுகைத் தனியாகக் கழற்றலாம் என்று கிருத்திக் கழற்றியே காட்டினான். கழற்றினால் பக்கவாட்டில் அறுபத்திரண்டு. தாராளமாக நுழையும். ரேணுகா நோட்டில் சரி போட்டாள்.

வியாழக்கிழமை வந்து இறங்கிய நாற்காலியில் முதுகு கழலவில்லை. அடியில் ஆணி அடித்து இறுக்கியிருந்தது. வண்டிக்காரர்கள் படியேற்றி, நேராக, சாய்த்து, தலைகீழாக முட்டிப் பார்த்துவிட்டு மறுபடி கீழே இறக்கினார்கள். தெருவோரம் கொழுந்து எடை போடுகிற ஷெட்டில் வைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். ரேணுகா கடைக்கு ஏழு முறை போன் செய்தாள். இது புது லாட் என்றார்கள். மாடல் எண் ஒன்றுதானே என்றார்கள். விற்ற பொருளைத் திருப்பி எடுப்பதில்லை என்றார்கள். கடைசியில், உங்கள் வாசல் சின்னதாக இருந்தால் நாங்கள் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். அவளுடைய கம்பெனியில் காட்டிய மாதிரி ஒன்று, அனுப்பிய பொருள் ஒன்று என்றால் லாட் முழுவதும் திரும்பி வரும். இவர்களுக்கு அதற்கு ஒரு சொல்கூட இல்லை.

ஷெட்டில் கொழுந்து வாங்குகிற ஏஜெண்ட் சுடலைமணி நல்ல மனிதர். ஒரு வாரம் கிடக்கட்டும் என்று தார்ப்பாய் போட்டு மூடினார். மருதாயி பகலில் அங்கே இறங்கி வந்து படுத்தாள். சாயங்காலம் சாக்கோடு வந்த பெண்கள் சும்மா விடவில்லை.

"தொரைசானி எழுந்திரிக்க மாட்டாங்க போல. கொழுந்த காலடியில கொட்டட்டுங்களா?" என்றாள் பக்கத்து வீட்டுக் கருப்பம்மா.

"கொட்டு. காம்பு முத்துனது இருந்துச்சுன்னா உனக்கு அரைப்பேரு" என்றாள் மருதாயி.

சனிக்கிழமை ரேணுகா பஸ்ஸில் வந்து இறங்கியபோது ஷெட்டில் மதிய எடைக்கு வந்த பத்துப் பேர் இருந்தும் சத்தமில்லை. சாக்குகளுக்கு நடுவே, கால் நீட்டி, வாய் லேசாகத் திறந்து, மருதாயி தூங்கிக்கொண்டிருந்தாள். சீராக மூச்சு வந்தது. எடையைக்கூடச் சுடலைமணி விரலால் காட்டினார். நான்கு மாதத்தில் அம்மா தூங்கி ரேணுகா பார்த்தது அந்த ஒரு முறைதான்.

இருட்டினால் அங்கே படுக்க முடியாது. பனி இறங்கும், காட்டெருமை வரும். இரவுக்கு மறுபடி படியேறி, பிளாஸ்டிக் நாற்காலி, பிஸ்கட் டின்.

அதனால்தான் அளந்தார்கள். நிலையையே பெயர்த்து எடுத்தால், இரண்டு பக்க மரமும் போய், சுவருக்குச் சுவர் எண்பத்தாறு புள்ளி நான்கு கிடைக்கும். நாற்காலி எண்பத்தாறு. நான்கு மில்லிமீட்டர் மிச்சம். உள்ளே வைத்துவிட்டு நிலையைத் திரும்பப் பொருத்திக்கொள்ளலாம். தச்சர் நாச்சிமுத்துவுக்கு உடனே போன் செய்கிறேன் என்றாள் ரேணுகா.

"போன்ல சொன்னா அந்தாளு வரமாட்டாரு. திங்கக்கிழமை நானே பட்டறைக்குப் போயிச் சொல்லிக்கிறேன். நீ பஸ்ஸப் பிடி, புள்ள."

ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் ஆடிட். ரேணுகா பஸ்ஸைப் பிடித்தாள்.

காலையில் கருப்பம்மாதான் போன் செய்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில் தலை சாய்ந்திருந்ததாம். டின் உருண்டு கிடந்ததாம்.

திங்கட்கிழமை அடக்கம். வீட்டுக்கு முன்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தபோது ரேணுகாவின் போனுக்குக் கடையிலிருந்து செய்தி வந்தது. எங்கள் நாற்காலி வசதியாக இருக்கிறதா, ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை தருவீர்கள் என்று கேட்டிருந்தது. அவள் போனை அணைத்து வைத்தாள்.

நாச்சிமுத்துவும் வந்திருந்தார். கும்பிட்டுவிட்டு, கீழே ஷெட்டில் கிடக்கிற நாற்காலி யாருடையது என்று கேட்டார். ரேணுகா சொன்னாள். அவர் வாசலுக்குப் போய் நிலையின் மரத்தைத் தட்டிப் பார்த்தார், சுவரோடு சேரும் இடத்தை நகத்தால் சுரண்டினார்.

"எங்கிட்ட யாருமே சொல்லலைங்களே. அரை நாள் வேலைங்க இது."

குளிப்பாட்டும்போது அவிழ்த்த சேலை கொடியில் கிடந்தது. ரேணுகா முந்தானை முடிச்சைப் பிரித்தாள். அவள் எழுதிக் கொடுத்த அளவு அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, பென்சிலில், மருதாயியின் கோணல் எழுத்தில் ஒரு வரி இருந்தது: திங்கள், நாச்சிமுத்து, நிலை.