சானல்கரையில் வைத்த அடையாளங்கள்

கேரளத்தின் தெற்கு எல்லையோரத்தில் உள்ள எங்கள் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். கூடவே சாரணியர் படையும் என் பொறுப்பு. பிள்ளைகள் அதை கெய்ட்ஸ் என்பார்கள், என்னை கேப்டன் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வேறொரு பெயரும் வைத்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியும், இங்கே எழுத மாட்டேன். எனக்கு வாய் நீளம், கோபம் சட்டென்று வரும். அந்தப் பெயர் எனக்குப் பொருத்தம்தான் என்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

பாறசாலையிலிருந்தும் தனுவச்சபுரத்திலிருந்தும் பஸ்ஸில் வரும் பிள்ளைகள் இவர்கள். வீட்டில் தமிழ், வகுப்பில் மலையாளம், சண்டை வந்தால் இரண்டும். சாரணியர் படையில் சேர ஜூன் மாதம் வரிசையில் நிற்பார்கள். காட்டின் மேல் ஆசை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். விருதுத் தேர்வில் தேறினால் பத்தாம் வகுப்பில் கிரேஸ் மார்க் உண்டு, அவ்வளவுதான் காரியம். பெற்றோர் கூட்டத்தில் ஓர் அப்பா எழுந்து நின்று கேட்டார், "டீச்சர், மார்க்கு கிட்டணும்னா இந்த வெயிலு கொள்ளுகதெல்லாம் நிர்பந்தமா?" நான் ஏதோ வெடுக்கென்று சொன்னேன். ஆனால் அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

ஏனென்றால் நானே ஏமாற்றிக்கொண்டுதான் இருந்தேன். விருதுக்கு ஒரு நடைப்பயணம் கட்டாயம். ஆசிரியை முன்னால் போய் வழியெல்லாம் கல், குச்சி, புல் முடிச்சு வைத்து அடையாளம் போட வேண்டும். பிள்ளைகள் ஒரு குழுவாக அதைத் தேடித் தேடி, தாங்களாகவே போய்ச் சேர வேண்டும். கூடப் பெரியவர்கள் கிடையாது. போன் கூடாது என்பது நான் போட்ட சட்டம். கோவிட் காலத்தில் இது நின்றது. பிறகு நான் தொடங்கவே இல்லை. ஒரு வீட்டில் தெருநாய் பயம், ஒரு வீட்டில் பாம்பு பயம், மற்ற எல்லா வீட்டிலும் டியூஷன். சரி, நடக்கலாம் என்றாலும் எங்கே நடப்பது? ரப்பர் தோட்டமெல்லாம் கம்பிவேலி. ஆகவே பள்ளி மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றவிட்டு, பழைய பிள்ளைகளின் பதிவேட்டைப் பார்த்துப் புதிய பிள்ளைகளை எழுதவைத்தேன். முகாம்கூட அரங்கத்துக்குள், மின்விசிறிக்குக் கீழே. தீ மூட்டப் பயந்து, சிவப்புக் காகிதத்துக்குள் பல்பு எரியவிட்டு அதைச் சுற்றி நின்று பாட்டுப் பாடினோம். கைதட்டினவர்களில் நானும் ஒருத்தி.

போன வருடம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி பதிவேட்டோடு என் மேசைக்கு வந்தாள். குழுவின் தலைவி அவள்தான். அதிகம் பேச மாட்டாள்.

"டீச்சர், இதில 'வழியில ஒரு கீரியைக் கண்டோம்'னு உண்டு. நாங்க காணல்லியே. அதையும் எழுதணுமா?"

"எல்லாரும் எழுதுகாவ. உனக்கு மட்டும் என்ன தனியா? சொன்னத எழுது பிள்ளே."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய் எழுதினாள். நான் அந்த நோட்டில் கையெழுத்தும் போட்டேன். சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. காணாத கீரியைக் கண்டதாக எழுது என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர் நான். வெட்கமாக இருந்தது. என் நிறுத்தம் தாண்டிப் போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

மறுநாள் தலைமையாசிரியையிடம் போய் நின்றேன். எச்.எம். சாதாரணமாக மலையாளத்தில்தான் பேசுவார். தமிழுக்கு மாறினால் காரியம் கடுமை என்று எங்களுக்குத் தெரியும். எட்டுப் பிள்ளைகள், பகல் நேரம், வீடுகள் உள்ள வழி, வெறும் இரண்டு கிலோமீட்டர் என்று கெஞ்சினேன். ஒரு வாரம் இழுத்தடித்துவிட்டு, தமிழில் சொன்னார்:

"சனிக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள எட்டு பேரும் இங்க இருக்கணும். ஏதாவது ஒண்ணு பிசகிச்சுன்னா, உங்க படை இனி கேட்டைத் தாண்டாது. அந்த விருதும் வேண்டாம், மார்க்கும் வேண்டாம்."

ஒத்துக்கொண்டு வந்தேன். பிள்ளைகளிடமும் இதை மறைக்கவில்லை.

பாசனக் கால்வாயைத்தான் இங்கே சானல் என்போம்; அந்தச் சானல்கரை வழியாகப் போய், குன்றின் மேல் யாரும் உடைக்காமல் விட்டுவைத்திருக்கும் ஒரு பாறையில் முடிவதாகப் பாதை போட்டேன். சனிக்கிழமை வெளிச்சம் வரும் முன்பே நான் கரையில் இருந்தேன். மழைக்காலம். புல் முழங்கால் உயரம். கல்லை வைத்தால் கல் தெரியவில்லை, குச்சியை வைத்தால் குச்சி தெரியவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு பை நிறைய தெச்சிப்பூ பறித்துக்கொண்டு வந்தேன். மூன்று கல், அதன் மேல் ஒரு கொத்துச் சிவப்புப் பூ. வழி பிரியும் இடங்களில் புல்லை முடிந்து, மடித்த தாள் ஒன்றைக் கல்லுக்கு அடியில் வைத்தேன். 'இங்கிருந்து நாற்பது அடியில் ஒரு புளியமரம், அதன் இடப்பக்கம் போ' என்பது போல ஒவ்வொன்றிலும் ஒரு குறிப்பு. தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிந்தது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு பாறையில் ஏறி உட்கார்ந்தேன்.

எட்டரைக்குப் பள்ளியிலிருந்து கிளம்புவார்கள், ஒன்பதரைக்கு வந்துவிட வேண்டும். ஒன்பதரை ஆனது. பரவாயில்லை, பிள்ளைகள்தானே, நின்று நின்று வருவார்கள் என்று நினைத்தேன். பத்து ஆனது. பாறையிலிருந்து மேற்கே பார்த்தால் காஞ்சிரங்குளம் பக்கம் கடல் ஒரு கோடாகத் தெரியும். அன்றைக்கும் தெரிந்தது, எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பத்தேகால். என் கையில் போன் இருந்தது. யாரை அழைப்பது? அவர்கள் எட்டு பேரின் போனும் என் சட்டப்படி வீட்டில் இருந்தது. சானலில் தண்ணீர் நிறைய ஓடியது. ஒரு பிள்ளைக்குப் பாம்பு கடித்தால் இங்கிருந்து காரக்கோணம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ எத்தனை நிமிடத்தில் போகும் என்று மனம் கணக்குப் போட்டது. கணக்கு டீச்சராக இருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினேன். பாறைக்குப் பக்கத்தில் நான் வைத்த அடையாளங்கள் அப்படியே இருந்தன. பாதி தூரம் வந்ததும் ஒன்றையும் காணவில்லை. கல் இல்லை, பூ இல்லை, புல்லே இல்லை. கரை முழுவதும் செதுக்கி, கூட்டி, சுத்தமாகக் கிடந்தது. வளைவு திரும்பியதும் காரணம் புரிந்தது. தொழிலுறப்பு என்னும் நூறு நாள் வேலைக்கு வரும் பெண்கள் இருபது பேர், சேலைக்கு மேல் ஆண்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு, மண்வெட்டியைச் சாய்த்துவைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் என் பிள்ளைகள். எட்டு தலை. இரண்டு தடவை எண்ணினேன்.

அவர்களுக்கு மேற்பார்வை பார்க்கும் பெண்ணை மேட் என்பார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர்தான் எழுந்து வந்தார்.

"இது டீச்சர் வச்சதாக்கும்? நல்ல காரியம் செய்தியள். காலத்தே வந்து பாத்தா, மூணு வழி கூடுக முக்குல கல்லு, செவப்புப் பூவு. புல்ல முடிஞ்சு வச்சிருக்கு, தாள மடிச்சு வச்சிருக்கு. ஆரோ கூடோத்திரம் செய்து வச்சிருக்குன்னு நாங்க பேடிச்சுப் போனோம்."

சூனியத்தைத்தான் எங்கள் பக்கத்தில் கூடோத்திரம் என்போம். அதைத் தொட்டால் வைத்த ஆளின் கெடுதல் தொட்டவருக்கு வரும் என்று பயம். இந்த மண்ணில் பிறந்து, இங்கேயே வாக்கப்பட்டு, இங்கேயே வேலை பார்க்கும் எனக்கு அது தோன்றியிருக்க வேண்டாமா? இருட்டோடு போய், ஆள் பார்க்காமல், முக்கில் சிவப்புப் பூ வைத்துவிட்டு வந்திருக்கிறேன். யாரும் தாளைப் பிரித்துப் பார்க்கத் துணியவில்லையாம். சபைக்குப் போகும் ஒரு அக்கா முழந்தாளிட்டு ஜெபம் செய்திருக்கிறார். சிவன் கோயிலுக்குப் போகும் இன்னொரு அக்கா மூன்று தடவை துப்பியிருக்கிறார். பிறகு இருவருமாகச் சேர்ந்து எல்லாவற்றையும் மண்வெட்டியால் வாரிச் சானலில் தள்ளியிருக்கிறார்கள்.

"ஒண்ணுன்னா போட்டுன்னு விடலாம்," என்றார் மேட். "போகப் போக வந்துட்டே இருக்கு. இந்த அளவுக்கு ஆருக்கு விரோதம்னு இருந்து ஆலோசிச்சோம். ஒரு ஆளச் சந்தேகமும் பட்டாச்சு. பேரு சொல்லமாட்டேன்."

நான் சிரிக்கவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். ஒரு மணி நேரம் என் உயிரை வாங்கிவிட்டு இங்கே உட்கார்ந்து அவித்த மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகாயும் தின்றுகொண்டிருக்கிறார்கள். வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தத் தலைவிப் பெண் எழுந்து நின்றாள்.

"டீச்சர், அடையாளம் காணாம போனா கடைசியாக் கண்ட அடையாளத்துக்குத் திரும்பிவந்து அங்கேயே நிக்கணும்னு நீங்க சொன்னியளே. நாங்க அங்கேருந்து மாறல்ல."

அவள் காலடியில் என் மூன்று கல்லும் வாடிய பூவும் இருந்தன. அந்த ஒன்றை மட்டும் பெண்கள் வாருவதற்குள் பிள்ளைகள் வந்துவிட்டிருக்கிறார்கள். வீட்டில் கொண்டுவிடுகிறோம் என்று கூப்பிட்டும் போகவில்லை. மேட் தன் போனைக் கொடுத்து டீச்சரை அழைக்கச் சொன்னாராம். என் நம்பர் ஒருத்திக்கும் மனப்பாடம் இல்லை. அம்மாவை அழைத்தால் எச்.எம். அறிந்துவிடுவார் என்று அதையும் செய்யவில்லை. சும்மா இருக்க முடியாமல், ஆட்டுக்குக் கொண்டுபோக அக்காமார் வெட்டிவைத்திருந்த புல்லைப் படித்த முடிச்செல்லாம் போட்டுக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். வரிசையாக இருபது கட்டு. ஒன்றும் அவிழவில்லை.

அந்தப் பாடத்தை நான் கரும்பலகையில் எழுதி, கேள்விக்குப் பதில் வாங்கி, அழித்துவிட்டுப் போனவள். அதை ஒரு பிள்ளை நம்பியிருக்கிறாள். எனக்குத் திட்ட வரவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். ஒரு அக்கா வாழையிலைத் துண்டில் மரச்சீனி வைத்துத் தந்தார். அவ்வளவு ருசியாக நான் எதையும் தின்றதில்லை.

பன்னிரண்டுக்கு முன்பே பள்ளிக்கு வந்துவிட்டோம். எச்.எம். வாசலில் நின்றார். பாறைக்குப் போய்ச் சேர்ந்தார்களா என்று கேட்டார். ஆம் என்று சொல்லியிருக்கலாம், அவருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் அந்தப் பெண் என் பக்கத்தில் நோட்டோடு நின்றாள்.

"சேரல்ல டீச்சர். ஒரு மணி நேரம் இவங்க எங்கன்னு எனக்குத் தெரியாது," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ முடிஞ்சுது," என்று தமிழில் சொல்லிவிட்டு உள்ளே போனார். இரண்டு பிள்ளைகள் மார்க்கை நினைத்து அழுதார்கள்.

திங்கட்கிழமை காலை மணி அடிக்கும் முன்னால் எச்.எம். அறைக்கு என்னை அழைத்தார்கள். மேட்டும் இன்னும் நாலு அக்காமாரும் வேலைச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் அவர்களை வரச் சொல்லவில்லை. நடந்ததை ஒரு பிள்ளை வழியாகக் கேள்விப்பட்டு வந்திருக்கிறார்கள். மேட்தான் பேசினார்.

"டீச்சரே, பிள்ளைய மேல ஒரு தப்பும் இல்ல. கூட்டித் தள்ளினது நாங்களாக்கும். அதுவ ஒரு மணிக்கூறு அந்தக் கல்ல விட்டு நீங்கல்ல. எனக்க மோள ஒரு எடத்துல நில்லுன்னு சொன்னா நிப்பாளா? இன்னும் ஒருக்க விடணும். நாங்க அங்கதான் உண்டு."

எச்.எம். கூடோத்திரக் கதையை முழுவதும் கேட்டார். உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை, சிரித்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து மலையாளத்தில், அடுத்த சனிக்கிழமை, ஆனால் பூ வேண்டாம் என்றார். நான் நன்றி சொல்லத் திரும்பினால் அக்காமாரைக் காணவில்லை. வருகைக்குப் போனில் படம் எடுக்கும் நேரம் நெருங்கிவிட்டதால் ஓடிவிட்டார்கள். படத்தில் முகம் இல்லாவிட்டால் அன்றைய கூலி இல்லை.

அடுத்த சனிக்கிழமை பூ இல்லாமல் வெறும் கல்லும் குச்சியும் வைத்தேன். அவர்கள் வேலை இப்போது பாறைக்குப் பக்கத்துத் துண்டுக்கு வந்திருந்தது. அங்கே புல் இன்னும் முழங்கால் உயரத்தில்தான் நின்றது. நான் அடையாளம் வைத்துவிட்டு மேலே போன பிறகு அவர்கள் வேலைக்கு வருவார்கள், பிள்ளைகள் வருவதற்குள் பாதி செதுக்கிவிடுவார்கள். யாராவது மறந்து வாரிவிட்டால் எல்லாம் போயிற்று. பாறையில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே இருந்தேன்.

ஒன்பது இருபதுக்கு விசில் கேட்டது. எட்டு பேரும் மேலே வந்தார்கள். தலைவிப் பெண் முன்னால், கால் முழுக்கச் சேறு. வந்ததும் முதலில் நோட்டைத் திறந்து நேரத்தை எழுதினாள். பிறகுதான் தண்ணீர் குடித்தாள்.

அவர்களோடு இறங்கி வரும்போது பார்த்தேன். கரை முழுவதும் செதுக்கி முடித்திருந்தார்கள். ஆனால் நான் வைத்த ஒவ்வொரு கல்லையும் சுற்றி ஒரு முழம் புல்லை மட்டும் வெட்டாமல் விட்டிருந்தார்கள். பாறை அடிவாரம் முதல் வளைவுவரை, ஒன்றைக்கூட விடவில்லை. செய்த வேலையை அளக்க வருபவர் அந்த நேரத்தில் வந்திருந்தால் வேலை சரியில்லை என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்.

மேட் மண்வெட்டியோடு எங்களுக்காகக் காத்து நின்றார்.

"பிள்ளைய எல்லாம் கடந்தாச்சில்லா," என்றார். "இனி இத வெட்டலாமா டீச்சரே?"

தலையை ஆட்டினேன், அழுதேன். பிள்ளைகள் எட்டு பேரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.