றெக்கை கட்டிய புறாவுக்குக் காவல்

லிங்கராஜபுரத்தில் எங்கள் வீடு என் பெயரில் இருக்கிறது; மொட்டை மாடி மட்டும் மச்சானுடையது, என் மனைவியின் தம்பி. அங்கே அவன் பந்தயப் புறா வளர்க்கிறான். வேறு வீட்டில் வளர்ந்த புறாவை வாங்கினால், அது பழைய இடத்துக்கே பறந்துவிடாதபடி கொஞ்ச நாள் றெக்கையை நூலால் கட்டிவைப்பது அவர்கள் வழக்கம். போன மாதம் ஸ்ரீராம்புரத்திலிருந்து அப்படி ஒரு ஜோடி வந்தது. பெட்டைமேல் அவனுக்கு உயிர். கல்யாணமே வேண்டாம் என்று நாற்பதைத் தொட்டவன் பெண்பால் ஒன்றிடம் அவ்வளவு குழைந்து வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஜோடியை வெயிலில் திறந்துவிட்டுச் சர்ச்சுக்குக் கிளம்பினான்.

"மாமா, அந்தச் சாம்பல் பூனை சுத்திட்டு இருக்கு. நான் வர்ற வரைக்கும் மேலயே இரு. ஒண்ணும் பண்ணாத, சும்மா நடந்துட்டு இரு. அதான் உனக்கு நல்லா வருமே."

வரும். உட்கார்ந்து பேப்பர் படிக்கக்கூட என்னால் ஆகாது. குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். தண்ணீர்த் தொட்டியின் அடியில் பூனை படுத்திருந்தது. வால் நுனி மட்டும் அசைந்தது.

அங்கேதான் என் படிப்பு குறுக்கே வந்தது. பதுங்கி வேட்டையாடும் மிருகங்களைப் பற்றி அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவன் நான். வேகம் பெரிதல்ல, காத்திருப்பதுதான் எல்லாம் என்று புலி முதல் முதலை வரை ஒரே பாடம். பூனையையே பதுங்கிப் பிடித்தால் என்ன? ஒரு வாளி தண்ணீரோடு, காயப்போட்ட பெட்ஷீட்டுக்குப் பின்னால் குந்தினேன்.

கணுக்கால் அரித்தது. முட்டி முனகியது. பாக்கெட்டில் போன் துடித்தது. யாராக இருக்கும் என்று எடுத்துப் பார்த்தேன்.

மாடியில் ஆள் நடமாட்டம் ஓய்ந்ததைப் பூனை கவனித்திருக்க வேண்டும். நான் நிமிர்ந்தபோது அது வயிறு தரையில் உரச வந்துகொண்டிருந்தது. பெட்டை தலை குனிந்து கொத்தும்போது பூனை நகரும், பெட்டை நிமிர்ந்தால் கல்லாகிவிடும். பின்னங்கால்களை மாற்றி மாற்றி ஊன்றிப் பார்த்தது. பிறகு ஒரே பாய்ச்சல். பெட்டை எழும்பப் பார்த்தது, நூல் விடவில்லை. முன்னங்கால்கள் அதை அழுத்தின, பற்கள் பிடரியில் இறங்கின. சத்தமே இல்லை. நான் வீசிய தண்ணீர் பெட்ஷீட்டை நனைத்தது. வாளி உருண்ட ஓசைக்குத்தான் பூனை புறாவைப் போட்டுவிட்டு ஓடியது.

சர்ச்சிலிருந்து வந்தவன் பெட்டையின் தொங்கிய கழுத்தைக் கையில் தாங்கினான்.

"எங்க இருந்தே மாமா?"

"பெட்ஷீட்டுக்குப் பின்னாடி. பதுங்கி..."

"நீயா?"

படியில் நின்ற என் மனைவி, "பூனை வேலையைப் பூனை பண்ணிடுச்சு. காவக்கார வேலையைப் பண்ண இவரால முடியல" என்றாள். வழக்கமாக அவள் என்னைக் கிண்டல் செய்தால் முதலில் சிரிப்பவன் அவன்தான். சிரிக்கவில்லை.

கத்தரியை எடுத்து வந்து ஆண் புறாவின் நூலை வெட்டினான்.

"டேய், போயிடும்டா" என்றேன்.

"போகட்டும் மாமா. பூனை வந்தா பறக்கவாவது பறக்கட்டும்."

அது கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்தது. கிளம்பி, ஒரு வட்டம் போட்டு, மேற்கே ஸ்ரீராம்புரம் பக்கமாகப் போய் மறைந்தது. அவன் தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவி நிரப்பி வைத்தான். கீழே சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவன் வானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எனக்கும் படியிறங்கக் கால் வரவில்லை.