யாரும் எடுக்காத எண்

கலியாணசுந்தரம் எனக்குப் பக்கத்து வீடு. காஜா பெராங் வட்டாரத்தில் இருபது வருடமாக ஒரே வேலிக்கு அந்தப்புறம் அவர், இந்தப்புறம் நான். மனிதர் 1957இல் மலாய் நாட்டின் சுதந்திரத்தோடு சேர்ந்து பிறந்தவர். அதனால் சுதந்திரத்தின் ஐம்பதாம் ஆண்டுக்கு ஊரெல்லாம் கொடி கட்டியபோது, தமக்காகவே கட்டியதுபோல் நடந்தார். எனக்கு எரிச்சலாக வரும்.

எதைப் பார்த்தாலும் "இது ஏன் இப்படி?" என்று கேட்காமல் அவருக்குச் சோறு இறங்காது. வேலை செய்த கம்பெனி மூடியதும் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கி, மூன்று இடங்களுக்கு வரைபடம் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். டவுனில் ஒரு கட்டட ஆபீஸ், புக்கிட் பாருவில் ஒரு கட்டுமானக் குத்தகையாளர், ஆயர் குரோவில் பிளாஸ்டிக் அச்சு செய்யும் ஒரு தொழிற்சாலை.

டவுனில் கம்பியைச் செருகினால் இணையம் தானாக வந்துவிடும். மற்ற இரண்டிலும் கணினிக்கு ஓர் எண் கொடுக்க வேண்டும், வீட்டுக்குக் கதவு எண் கொடுப்பதுபோல. அந்த இடத்து எண் இந்த இடத்தில் செல்லாது. ஒருமுறை மாற்ற மறந்து, ஆயர் குரோவில் அரை நாளை வீணாக்கினார். இன்னொரு தடவை தாமதமானால் வேறு ஆள் வைத்துக்கொள்வேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். வீட்டில் பெரிய வருமானம் அந்தத் தொழிற்சாலைதான்.

பிறகு மூன்று வாரம் முட்டி மோதி, ஒரே சொடுக்கில் எண் மாறும்படி மூன்று படங்களைத் திரையில் வைத்துக்கொண்டார். டவுனுக்குச் செண்டோல், புக்கிட் பாருவுக்குத் தோசை, ஆயர் குரோவுக்கு ரொட்டி சானாய். அங்கங்கே அவர் சாப்பிடுவது அதுதான். அவர் மனைவி அஞ்சலை, "வேலைக்குப் போறீங்களா, கடைக்குப் போறீங்களா?" என்று கேட்டார்.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆயர் குரோ தொழிற்சாலையில் இருந்தார். பினாங்கு வாடிக்கையாளருக்குப் பன்னிரண்டு மணிக்குள் வரைபடம் போய்ச் சேர வேண்டும். பதினொன்றரைக்கு ரொட்டி சானாயைச் சொடுக்கினார். அங்கே அவருக்குக் கொடுத்திருந்த இருபத்தேழாம் எண்ணை வேறொரு கணினி பிடித்துக்கொண்டிருப்பதாகத் திரை சொன்னது. புதிதாக வந்த கணினிக்கு யாரோ கவனிக்காமல் அதையே கொடுத்துவிட்டார்கள். எண்களின் பட்டியலை வைத்திருந்தவர் லீவில் போயிருந்தார், போனும் எடுக்கவில்லை. வைரஸ் பயத்தில் தம்ப் டிரைவ் செருகவும் அங்கே யாருக்கும் அனுமதியில்லை.

குத்துமதிப்பாக ஓர் எண்ணைப் போடலாம். ஆனால் அது கீழ்த்தளத்து வெட்டும் இயந்திரத்தின் எண்ணாக இருந்துவிட்டால் இயந்திரம் நின்றுபோகும். இதெல்லாம் பிறகு அவரே என்னிடம் சொன்னது.

அப்போதுதான் அவருடைய வேண்டாத ஆராய்ச்சி கை கொடுத்தது. அந்தக் கட்டடத்தின் லிப்டில் மூன்றுக்குப் பிறகு 3A, அப்புறம் ஐந்து. கார் நிறுத்துமிடத்திலும் நான்கு கிடையாது. சீன முதலாளிக்கு நான்கு ஆகாத எண், அவர்கள் மொழியில் அது சாவு என்பதுபோல் ஒலிக்கும். ஒவ்வொரு கணினியிலும் ஒட்டியிருந்த எண்ணை எல்லாம் மனிதர் முன்பே படித்து வைத்திருந்தார், அவற்றிலும் நான்கு இல்லை. நேராக முன்மேசையில் இருக்கும் விஜயாவிடம் போனார்.

"ஏம்மா, நாலாம் நம்பர் யாருகிட்ட இருக்கு?"

"ஐயோ அங்கிள், அத யாரு எடுப்பாங்க? எனக்கே குடுக்க வந்தாங்க, மேனேஜர் வேணாம்னுட்டாரு லா."

போட்டார். இணையம் வந்தது. பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு வரைபடம் போய்ச் சேர்ந்தது, எந்த இயந்திரமும் நிற்கவில்லை.

விஷயம் முதலாளி காதுக்கு எட்டியது. வந்து திரையைப் பார்த்தவர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். பயமில்லையா என்று மலாயில் கேட்டார். எண்ணுக்கு என்ன தெரியும், அது பாட்டுக்கு வேலை செய்கிறது என்று இவர் சிரித்தார். அன்று மாலை வேலிக்கருகில் நின்று, மூடநம்பிக்கையைப் பற்றி என்னிடம் அரைமணி நேரம் பேசினார்.

திங்கட்கிழமை முதலாளி கூப்பிட்டனுப்பினார். இனி அவருக்கு அங்கே நிரந்தர மேசை. நான்கு வேண்டாம், இத்தனை வருடம் தமக்கென்று யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த ராசியான எண்ணைத் தருவதாகச் சொல்லி, துண்டுத்தாளில் எழுதி இரண்டு கையாலும் நீட்டினார். எட்டு.

எட்டு! சனி பகவானின் எண். எட்டு வரக்கூடாது என்பதற்காகக் காருக்கு நம்பர் எடுக்க இரண்டு மாதம் காத்திருந்த மனிதர் இவர். மறுத்தால் முதலாளியை அவமதித்ததாகும். அவரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"எண்ணுக்கு என்ன தெரியும்னு சொன்னீங்களே அண்ணே?" என்றேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

"சும்மா இருங்க ஜெயபாலன்" என்றார். எனக்குப் பாவமாகிவிட்டது.

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். அடியில் ஒட்டிய தாளில் எண் தேவைப்படும் இரண்டு இடத்து எண்களும் இருந்தன. ஆயர் குரோ வரியில் இருபத்தேழை அடித்துவிட்டு எட்டு எழுதியிருந்தது. அதன்மேல் மூன்று விரலால் திருநீறு பூசியிருந்தார்.