மூன்று நிறக் குடமிளகாய்

"நம்ம வீட்டுக்கே ஏசி இல்ல, குடமொளகாய்க்கு ஏசி கேக்குதா?" என்று என் கணவரிடம் நான் போடாத சண்டை இல்லை. சிதம்பரத்துக்குப் பக்கத்தில் எங்கள் நிலத்தில் அவர் பசுமைக்குடில் போட்டு, உள்ளே சூடு ஏறாமலிருக்க ராட்சத ஃபேன்களைப் பொருத்திய சமயம் அது.

அந்த மார்கழியில் மழை விடவே இல்லை. ஊரில் கத்தரி, அவரை எல்லாம் அழுகிப்போயின. கடலூர் மார்க்கெட்டுக்குப் போனவர்களும் வெறும் பையோடு திரும்பினார்கள். விடிந்தால் திருவாதிரை, களிக்கு ஏழுகாய்க் குழம்பு வைத்தாக வேண்டும். பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவின் மகளுக்குக் கல்யாணமாகி முதல் திருவாதிரை வேறு.

அக்கா கலங்கிப்போய் வந்தார். "பூசணியும் சேனையும்தான் இருக்கு. பாக்கி அஞ்சுக்கு எங்கடி போவேன்?"

அவரைக் குடிலுக்குக் கூட்டிப்போனேன். வெளியே வயலெல்லாம் மிதந்தது. உள்ளே ஓர் இலைகூட நனையவில்லை. வெள்ளரியும் தக்காளியும் பறித்தோம். மீதியெல்லாம் குடமிளகாய்தான்.

"பச்ச, மஞ்ச, செவப்பு. மூணு கலரு, மூணு காய். சாமி கோச்சிக்குமாக்கா?"

அக்கா வயிறு குலுங்கச் சிரித்தார். "ஆடுற சாமிக்குக் கலரு புடிக்காமலா போவும்!"

மறுநாள் எங்கள் தெருவே அந்தக் குழம்பைத்தான் சாப்பிட்டது.

அடுத்த வருஷம் மழை அளவாகப் பெய்தது. மார்க்கெட்டில் எல்லாக் காயும் குவிந்து கிடந்தன. ஆனாலும் அக்கா கூடையோடு வந்து நின்றார். "மூணு கலரு மொளகா இல்லாம ஏழுகாய்க் கொழம்பா?"

"எங்க குடில்ல வெளஞ்சதுக்கா, பாத்துப் பறிங்க" என்றேன் பெருமையாக. ஏசி கேக்குதா என்று சண்டை போட்ட அதே வாய்தான்.