விஜயதசமியன்னிக்கு இருமுன வண்டி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில. ஊரறிஞ்ச சங்கதி, மறைக்க ஒண்ணுமில்ல. ஆனா அந்த விஜயதசமி காலையில வந்த கோபம் தனி ரகம்.

அப்ப நான் உலு திராமுக்கும் ஜொகூர் பாருவுக்கும் நடுவுல வாடகைக் கார் ஓட்டிக்கிட்டிருந்தேன். அங்கேர்ந்து கடலுக்குக் குறுக்கே பாலம் வந்து சில வருஷம் ஆயிருந்துச்சு, சிங்கப்பூருக்கும் சவாரி உண்டு. அன்னிக்குச் சவாரி என் பொஞ்சாதிக்கு. அவ அப்பா ரப்பர் தோட்டத்துல பால் வெட்டி ஓஞ்சுபோயி, கடல் தாண்டிச் சொந்த ஊருக்கே போறேன்னு கெளம்பிட்டாரு. சிங்கப்பூர்ல பங்காளி வீட்டுல தங்கியிருந்தாரு. மத்தியானம் கப்பல். போனா திரும்பி வரப்போறதில்ல. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கப்பல் ஏறுறதுக்குள்ள ஒருதரம் அப்பா மூஞ்சியப் பாத்துடணும், அவ்வளவுதான் அவ கேட்டது. முந்தின நாளே போலாம்னு கெஞ்சினா. ஆயுத பூசையன்னிக்கு எவன் வண்டிய எடுப்பான்? பூசையில வெச்ச வண்டி மறுநாள் எலுமிச்சம்பழத்து மேல ஏறித்தானே வெளிய வரணும்.

ஏறுச்சு. பழமும் நசுங்குச்சு. வண்டிதான் சரியா இல்ல.

சும்மா நிக்கும்போதே சளி புடிச்ச கிழவனாட்டம் இருமுது. மட்கார்டு தடதடங்குது, ஸ்டியரிங்கப் புடிச்ச கை பதறுது. எண்ணெயக் கூட்டிக் கொடுத்தா ஒரு எட்டு பாயுது, அப்புறம் பின்னால யாரோ புடிச்சு இழுக்கிற மாதிரி தயங்குது. போகப் போகச் சரியாயிடும்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டு ஓட்டினேன். வழியில தெப்ராவ் ஊரக்கூட இன்னும் தாண்டல, ஒரு மேட்டுல ஏற மாட்டேன்னு நின்னுருச்சு. ரெண்டு பக்கமும் ரப்பர் மரம், மேல கறுகறுன்னு மேகம். வேற வண்டி ஒண்ணையும் காணோம்.

"என்னங்க ஆச்சு?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? வாய மூடிட்டு ஒக்காரு."

அவ எங்க ஒக்காந்தா? ரோட்டுல எறங்கி, ஜொகூர் பாரு பக்கமே பாத்துக்கிட்டு நடக்குறா, திரும்புறா, மறுபடி நடக்குறா. "நான் நடந்தே போயிடட்டுமா?"ங்கிறா.

"போயேன். கப்பல் ஊரு போய்ச் சேந்தப்புறம் நீ துறைமுகம் போய்ச் சேருவே."

மொதல்ல பெட்ரோல் மேல சந்தேகம். மழைக்காலம், தகர டின்னுலேர்ந்து ஊத்தினது, தண்ணி கலந்திருக்கும்னு கார்பரேட்டர் கிண்ணத்தக் கழட்டிப் பாத்தேன். சுத்தம். அப்ப தீப்பொறியிலதான் கோளாறு. இஞ்சின ஓடவிட்டுட்டு, மரப்புடி போட்ட ஸ்குரூடிரைவரால, பொறி விடுற ஒவ்வொரு பிளக்கோட தலையையும் இஞ்சின் இரும்போட சேத்துத் தொட்டேன். அப்படித் தொட்டா அந்தப் பிளக் அடங்கிடும். ஒழுங்கா வேலை செய்யிற பிளக்க அடக்கினா வண்டி இன்னும் மோசமா ஆடும். அடக்கியும் ஒரு மாத்தமும் இல்லேன்னா அது ஏற்கெனவே தெண்டச்சோறு. நாலுல ரெண்டு தெண்டச்சோறு!

நாலையும் கழட்டினேன். முனைய மண்ணெண்ணெயில கழுவி, பிரஷ்ஷால தேச்சு, மேல் பக்கத்து வெள்ளப் பீங்கானத் துணியால துடைச்சு மாட்டினேன். அதே இருமல். "அடச் சனியனே!"ன்னு டயர ஒதச்சேன். கால்தான் வலிச்சுது.

மேகம் இன்னும் எறங்கி, மரத்தடி இருட்டிப்போச்சு. அந்த இருட்டுலதான் கண்ணுல பட்டுச்சு. பிளக்குக்கு உள்ள போய் வெடிக்க வேண்டிய பொறி, வெளிப் பீங்கான் மேல நீலமா ஊர்ந்து இரும்புல எறங்குது. எதப் புடிச்சு எறங்குது? சந்தனப் பொட்ட.

பூசைக்கு அவ வண்டியில எங்கதான் பொட்டு வெக்கல! விளக்கு, ஸ்டியரிங், நாலு சக்கரம். அது போதலேன்னு பானெட்டத் தூக்கி, பிளக்குக்கெல்லாம் சந்தனத்த அப்பி, நடுவுல குங்குமமும் வெச்சிருந்தா. ரெண்டுல அப்படியே நின்னுருச்சு. மத்த ரெண்டுல ராத்திரி மழை ஈரத்துல வழிஞ்சு இரும்பு வரைக்கும் கோடு. நான் பாக்காமயா இருந்தேன்? பாத்தேன். பீங்கானத் துடைக்கும்போதுகூட பொட்டும் அது வழிஞ்ச கோடும் கலையாம சுத்திச் சுத்தித்தான் துடைச்சேன். சாமிக்கு வெச்ச பொட்டுல கோளாறு இருக்கும்னு எவனுக்குத் தோணும்?

"இங்க வா. பாரு, ஒன் வேலைய!"

குனிஞ்சு பாத்தா. மொகம் செத்துப்போச்சு. "அப்பாவ நல்லபடியாப் பாத்துட்டு வரணும்னு வேண்டிக்கிட்டு வெச்சேங்க."

இஞ்சின நிறுத்திட்டுத் துணிய எடுத்தேன். கை போகல. பயணம் கெளம்பின அன்னிக்கு, சுமங்கலி வெச்ச பொட்ட நான் அழிக்கிறதா? எனக்கு வாய்தான் பெரிசு. அவ என்னத் தள்ளிவிட்டுட்டு, முந்தானையச் சுருட்டி நாலையும் அழுத்தித் துடைச்சா. சூடு கையச் சுட்டுது. "ஸ்ஸ்"ன்னா, ஆனா விடல.

முன்னால கைப்புடியப் போட்டு இஞ்சினச் சுத்தினேன். அப்பாடா, இருமல் போன எடம் தெரியல. மேட்ட ஒரே மூச்சுல ஏறுச்சு. பாலத்துல மழை அடிச்சு ஊத்துச்சு. குறுக்க வந்த மாட்டுவண்டி, சைக்கிள், ரிக்ஷா எல்லாரையும் திட்டிக்கிட்டே போனேன்.

துறைமுகத்துல சனமெல்லாம் கப்பல் ஏறியாச்சு. மாமா மட்டும் படியடியில, தோள்ல மூட்டையோட, கப்பல்காரன் அதட்ட அதட்ட, "எம் பொண்ணு வந்துரும் சாமி, வந்துரும்"னு நிக்கிறாரு.

பேச எங்க நேரம்? "பூசை விபூதி கொண்டாந்தியாம்மா?"ன்னாரு. அவ இடுப்புல தேடுறா, மடியில தேடுறா. வாழையிலையில மடிச்ச பொட்டலம் வீட்டுலயே கெடக்கு. அவளுக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துருச்சு.

கிழவர் அவ முந்தானையப் பாத்தாரு. சந்தனமும் குங்குமமும் இஞ்சின் கரியும் ஒண்ணா அப்பிக் கெடந்துச்சு. "இந்தா இருக்கே"ன்னு வெரல அதுல அழுத்தி, நெத்தியில வெச்சுக்கிட்டு, விறுவிறுன்னு ஏறிட்டாரு.

கப்பல் நகந்தப்ப, மேல அத்தனை தலைக்கு நடுவுல அந்தக் கறுப்புப் பொட்ட வெச்சுத்தான் அவர அவ கண்டுபுடிச்சா. "அதோ அப்பா, அதோ அப்பா"ன்னு என் கையப் புடிச்சுக் காட்டுறா. எனக்கு ஒண்ணும் தெரியல. என் கண்ணுதான் நெறைஞ்சுபோய்க் கெடந்துச்சே.