மூன்றாவது அறையைப் படமெடுத்தவர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை எனக்குச் சென்னையிலிருந்து ஒரு தந்தி வந்தது. அனுப்பியவர் ஒரு தங்கும் விடுதியின் மேனேஜர். சாக்கோட்டை வெள்ளைச்சாமி காய்ச்சலில் இறந்துவிட்டார், உறவினருக்குத் தெரிவிக்கவும் என்று அதில் இருந்தது. தெரிவிப்பதற்கு உறவினர் யாரும் இல்லை. பெற்றோர் முன்பே போய்விட்டார்கள். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. நான் ரயிலேறிப் போய்ச் சேர்வதற்குள் விடுதிக்காரர்களே எரித்துவிட்டிருந்தார்கள். அவருடைய அறையில் வேறொருவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

வெள்ளைச்சாமி அவர்கள் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இருபது வயதில் காரைக்குடிக்கு வந்து, டென்ட் கொட்டகையில் படம் ஓட்டும் வேலையில் சேர்ந்தார். அது பேசாப் படங்களின் காலம். வெளிநாட்டுப் படங்களில் ஒரு வகை அவரைப் பிடித்துக்கொண்டது. பெரிய ஓட்டல், நீண்ட நடைவழி, வரிசையாகக் கதவுகள், அவற்றில் ஒன்றுக்குப் பின்னால் கொலைகாரன். அப்படிப்பட்ட படம் வந்துவிட்டால் கைப்பிடியைச் சுற்றியபடி திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

“வீட்டுல கதவைச் சாத்துனா நிம்மதி, அண்ணே. ஓட்டல்ல கதவைச் சாத்துனாத்தான் பயமே ஆரம்பிக்குது. பக்கத்து அறையில இருக்கிறது யாருன்னு தெரியாதுல்ல” என்று என்னிடம் சொன்னார்.

நம் ஊர்க்காரர்கள் பயப்படவில்லை. ஒருநாள் நாற்காலி வரிசையிலிருந்து ஒரு செட்டியார் குரல் கொடுத்தார்: “பக்கத்து அறைக்காரரு எந்த ஊரு, எந்தக் கோயிலுன்னு கேட்டா முடிஞ்சுபோச்சு. இதுக்கு எதுக்குப் போலீசு?” கோயிலைச் சொன்னால் செட்டியார்களுக்கு ஆளின் வம்சம் தெரிந்துவிடும்; புதிதாக யார் வந்தாலும் இங்கே முதலில் கேட்கப்படும் கேள்வி அதுதான். கொட்டகையே சிரித்தது. வெள்ளைச்சாமி சிரிக்கவில்லை.

“நம்ம ஆளுகளை ஒரு தரமாவது பயமுறுத்திப் பார்த்துடணும், அண்ணே.”

அவர் வாழ்க்கையில் ஆசைப்பட்டது அது ஒன்றைத்தான். கூட்டாளிகள் இருவர் சேர்ந்தார்கள். சென்னையிலிருந்து காமிராவோடு ஒருவர் வந்தார். படத்தில் காட்டும்படியான ஓட்டல் காரைக்குடியில் இல்லை. ஊரின் பெரிய செட்டியார் வீடுகளில் ஒன்றான உமையாள் ஆச்சி வீட்டைப் பார்த்ததும் அந்தக் கவலை தீர்ந்தது. நடுவில் வெயில் விழும் முற்றம். சுற்றிலும் அறைகள். மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை, ஒவ்வொன்றுக்கும் தனிப்பூட்டு. அனுமதி கேட்க நானும் கூடப் போனேன்.

“ஓட்டலா? எங்க வீட்டுல சாப்பிட்டவுககிட்ட இதுவரைக்கும் யாரும் காசு கேட்டதில்ல, தம்பி” என்றார் ஆச்சி.

“சும்மா படத்துக்குத்தான், ஆச்சி.”

“கதையில என்ன நடக்கும்?”

“ஒரு கொலை.”

ஆச்சி முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “கல்யாணம் நடக்கிற வீடு இது. நடிப்புக்குக்கூட இங்க ஒருத்தரும் பொணமாக் கெடக்கக் கூடாது. சம்மதமுன்னா எடுத்துக்கங்க.”

தெருவுக்கு வந்ததும் வெள்ளைச்சாமி உற்சாகமாக இருந்தார். “கதவைச் சாத்துனபடியே விட்டுடறேன், அண்ணே. உள்ள கெடக்கிறது யாருன்னு காட்டவே போறதில்ல. பாக்கிறவுகளே நினைச்சுக்கட்டும்.”

அப்படியே எடுத்தார். ஓட்டலில் ஓர் அறை பூட்டிக் கிடக்கிறது. எல்லாரும் அதன்முன் வந்து நிற்கிறார்கள். கதவு திறப்பதற்குள் படம் முடிந்துவிடுகிறது. மூன்றாவது அறையின் கதவில் வெளிச்சம் நன்றாக விழுந்ததால் அதைத் தேர்ந்தெடுத்தார். அது ஆச்சியின் மூன்றாவது மகனின் அறை. அவர் ரங்கூனுக்கு வணிகம் செய்யப் போனவர். பல மாதமாக அவரிடமிருந்து கடிதம் இல்லை என்பது வெள்ளைச்சாமிக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஊர்ச் செய்திகளைப் பத்திரிகைக்கு எழுதுகிறவன் நான்; தெரிந்துவைத்திருக்க வேண்டியது என் தொழில்.

முதல்நாள் கூட்டத்துக்குக் குறைவில்லை. படம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே ஒருவர் சொல்லிவிட்டார்: “ஏ, இது உமையாளாச்சி வீடுல்ல. நான் அந்த முற்றத்துல ரெண்டு கல்யாணம் சாப்பிட்டுருக்கேன்.”

“ஓட்டலுன்னு போட்டுருக்கான். பரிமாற ஆளைக் காணோமே.”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அப்போது அந்தக் கதவு திரையில் வந்தது.

“அது மூணாவது மகன் அறைல்ல?”

“அவுக ரங்கூன்லல்ல இருக்காக.”

“இருக்காகளா?”

படம் முடிந்தும் கூட்டம் எழுந்திருக்கவில்லை. வெள்ளைச்சாமி மிஷின் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அன்று அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் மறைக்க விரும்பவில்லை.

மறுநாளே பேச்சு ஊர் முழுவதும் பரவியது. மூன்றாம் நாள் அந்த மகனின் மனைவி மீனாட்சி ஆச்சி எங்களைக் கூப்பிட்டனுப்பினார்.

“உள்ள கெடக்கிறது யாருங்க?”

“யாருமில்ல, ஆச்சி. வெறும் அறைதான்” என்றார் வெள்ளைச்சாமி.

“அது எனக்குத் தெரியும். சாவி எங்கிட்டத்தான இருக்கு. ஊரு ஒரு ஆளைக் கொண்டாந்து அங்க போட்டுருச்சே. அதை எப்படி வெளிய எடுக்கிறது?”

“கதவைத் திறந்து காட்டுற மாதிரி ஒண்ணு எடுத்துச் சேத்துடறேன்.”

“வெறும் அறையக் காட்டுனா, அவுக இல்லைங்கிறதக் காட்டுன மாதிரித்தான.”

இனி ஒருவருக்கும் காட்டுவதில்லை என்று வெள்ளைச்சாமி வாக்குக் கொடுத்தார். அன்றே கொட்டகையிலிருந்து சுருள்களை எடுத்துவந்துவிட்டார். கூட்டாளிகள் சண்டையிட்டுப் பிரிந்தார்கள். ஊர்ப்பேச்சு நிற்கவில்லை. ரங்கூனிலிருந்து கடிதமும் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

பிறகு அவர் சென்னைக்குப் போனார். பேசும் படங்கள் வந்தன. பிறர் படங்களுக்கு விளக்குத் தூக்கினார். தனக்கென்று ஒரு கதையை யாரிடமும் கொண்டுபோகவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “பயமுறுத்திட்டேன்ல, அண்ணே” என்றார்.

விடுதி மேனேஜர் ஒரு தகரப்பெட்டியைக் கொடுத்தார். தீப்பற்றும் பொருள் என்று அதை மழையில் வெளியே போட்டிருந்தார்கள். சுருள்கள் பிசின்போல இளகி ஒரே கட்டியாக ஒட்டியிருந்தன. ஒரு படம்கூடப் பிரியவில்லை. கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றிவிட்டார். அதனால் யாருக்கும் எதுவும் திரும்பிவரவில்லை.

ஊர் திரும்பியதும் உமையாள் ஆச்சி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மீனாட்சி ஆச்சி தூணருகே நின்று கேட்டார்.

“படமெடுத்தவுகளைப் பத்தியாவது இன்னதுதான்னு ஒரு சேதி வந்துச்சு” என்றார். பின்கட்டுக் கிணற்றை நோக்கி நடந்தார்.

“எங்க போற? அவன் நமக்கு என்ன முறைன்னு இப்ப சாவுத்தீட்டுக்கு முழுகப் போற?” என்று மாமியார் கேட்டார்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வாளி கிணற்றில் இறங்கும் சத்தம் கேட்டது. தலையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மறுபடியும் வாளி இறங்கியது. வெள்ளைச்சாமி அவர்களுக்காக இந்த ஊரில் முழுகியவர் அவர் ஒருவர்தான். அந்தச் சத்தம் ஓயும்வரை நின்றிருந்துவிட்டு நான் வெளியே வந்தேன். போய் வாருங்கள், வெள்ளைச்சாமி.