ரைட் என்றால் போ

என் வீட்டுக்காரர் இருபத்தொன்பது வருடம் பஸ் கண்டக்டர். கடலோரமாகவே ஓடும் ஒரே பஸ், ஒரே ரூட். "ரைட்" என்றால் கிளம்பு, "ஹோல்டான்" என்றால் நில். வீட்டிலும் அதே பாஷைதான். நான் பரிமாறும்போது போதும் என்று சொல்லமாட்டார், "ஹோல்டான்" என்பார். மகளுக்கு மாப்பிள்ளை பிடித்துப்போனபோதும் ஒரே வார்த்தை, "ரைட்."

இப்படிக் கடலோரமாகவே போய்வந்தவர் கடலை ஒருமுறைகூட முழுசாகப் பார்த்ததில்லை என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் கக்கத்தில் பையோடு கூட்டத்தில் நசுங்கி டிக்கெட் கொடுப்பவருக்குத் தெரிவதெல்லாம் அடுத்தவன் முதுகுதான். பதினேழாம் மைல் வளைவில் பஸ் மொத்தமும் "கடல், கடல்" என்று ஜன்னல் பக்கம் சாயும். டிக்கெட் எடுக்காதவனைப் பிடிக்க அதுதான் நல்ல சமயம் என்பார்.

போன மாதம் அவருக்கு இடது கண் போய்விட்டது. வலது கண்ணுக்கு வரும் புதன்கிழமை ஆபரேஷன். பாதிக்குப் பாதிதான் நிச்சயம் என்றார் டாக்டர். வீடு திரும்பியதும் இவர் கேட்டது ஒன்றுதான்.

"அந்தப் பதினேழாம் மைல் வளைவை ஒரு தடவ முன்சீட்டுல உக்காந்து பாக்கணும்."

காரை என் தம்பியிடம் வாங்கினோம். டிரைவர் நான்தான். ஐம்பத்து நான்கு வயதில் லைசென்ஸ் வாங்கி முழுசாக ஒரு மாதம் ஆகியிருந்தது.

ஞாயிறு காலை கிளம்பியதும் கண்ணை மூடிக்கொண்டார். "மிச்சம் பிடிக்கிறேன்" என்றார்.

மூடிய கண்ணோடே, "இப்போ பாலம் வரும். இறங்கினதும் ரெண்டு குலுக்கல். அப்புறம் மரக்கடை, வாசனை வருதா பாரு" என்றார். பாலம் வந்தது, இரண்டு குலுக்கல் வந்தது, அறுத்த மரத்தின் வாசனையும் வந்தது. முழு ரோட்டையும் உடம்பிலேயே வைத்திருக்கும் மனிதரோடா இத்தனை நாள் உப்பு, புளி என்று சண்டை போட்டேன்? எனக்கு மலைப்பாக இருந்தது.

"இதுதான்" என்று கண்ணைத் திறந்தார்.

வெள்ளை மதில். யாரோ ஓட்டல் கட்டி, வளைவு நெடுக ஆள் உயரத்துக்கு மேல் எழுப்பியிருந்தார்கள். அந்த ஓட்டல்காரனை வாயில் வந்தபடி திட்டினேன். இவரோ மதில் முடிகிறவரை பார்த்துவிட்டு, "சரி விடு. ரைட்" என்றார்.

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் என் மண்டையில் ஏற்றிய ரைட் வேறு. படக்கென்று வலப்பக்கம் ஒடித்துவிட்டேன். வெறும் மண்பாதை.

"ஏய், எங்க போற?"

"நீங்கதானே ரைட்டுன்னீங்க?"

"ரைட்டுன்னா போன்னு அர்த்தம்!"

"போய்க்கிட்டுதானே இருக்கேன்!"

திருப்ப இடமில்லை, எனக்கு ரிவர்ஸும் வராது. தென்னைகளுக்கு நடுவே குதித்துக் குதித்துப் போய், மணல் தொடங்கிய இடத்தில் பிரேக்கை மிதித்தேன்.

முன்கண்ணாடி முழுக்கக் கடல். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வேறெதுவும் இல்லை. பாதி சண்டையில் இருந்தவர் வாயை மூடவே மறந்துவிட்டார்.

"இத்தன வருஷமும் இது இங்கயேவா இருந்துச்சு?" என்றார்.

வெயில் ஏறிவிட்டது. கண்ணில் வெயில் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "போலாமாங்க?" என்று சாவியில் கை வைத்தேன்.

ஓடிவருகிற ஆளுக்காகக்கூட அரை நிமிடம் பஸ்ஸை நிறுத்தாதவர் அவர். கடலிலிருந்து கண்ணை எடுக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஹோல்டான்" என்றார்.